கைக்காசு குறைவு, கைவலி அதிகம்: எந்த கீபோர்டு, எந்த ஸ்விட்ச்?

#1 தூங்காவிழி

வணக்கம் நண்பர்களே. மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் தட்டச்சு. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழுக்குத் தமிழ்99 முறை.

இப்போதிருக்கும் ரப்பர் கீபோர்டு ஐந்து வருடம் உழைத்துவிட்டது. 'ன' விசையைக் குத்தினால்தான் எழுத்து விழுகிறது. 'ன' இல்லாமல் தமிழில் எத்தனை வாக்கியம் எழுத முடியும்? மாலையானால் நடுவிரல் கணு விண்ணென்று வலிக்கிறது.

மெக்கானிக்கல் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வீடியோக்களில் நீல ஸ்விட்ச் (விசைக்கு அடியில் இருக்கும் பொறி, வகைக்கு ஒரு நிறம்) போடும் சத்தத்தைக் கேட்டதிலிருந்து அதன் மேல்தான் கண். ஆனால் இரண்டு சிக்கல். வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும், அதே அறையில் ஒன்றரை வயது மகள் தூங்குவாள். இன்னொன்று, கையில் இருப்பது ஒரு தடவை வாங்குவதற்கான காசு மட்டும். தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த இரண்டு வருடத்துக்கு அதோடுதான் குடித்தனம்.

எதைப் பார்த்து வாங்குவது?

#2 கடைசிபெஞ்ச்

தூங்குகிற குழந்தை பக்கத்தில் நீல ஸ்விட்சா? உங்கள் பெயர் வீட்டில் எல்லாருக்கும் பொருந்திவிடும்.

#3 ஸ்பிரிங்பித்தன்

முதலில் ரப்பரில் ஏன் கை வலிக்கிறது என்று பார்ப்போம். அதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சின்ன ரப்பர் கும்பா இருக்கிறது. அது மடங்கி, கிட்டத்தட்ட அடிவரை போனால்தான் எழுத்து பதியும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் அடித்தரையில் போய் முட்டுகிறது. ரப்பர் பழசாகி இறுகிவிட்டால் குத்த வேண்டியதுதான்.

மெக்கானிக்கலில் விசைக்கு விசை தனி ஸ்பிரிங், தனி உலோகத் தொடுப்பு. செர்ரி என்ற நிறுவனத்தின் எம்எக்ஸ் சிவப்பு ஸ்விட்சை எடுத்துக்கொண்டால் மொத்த ஆழம் 4 மி.மீ., பாதி வழியில், அதாவது 2 மி.மீ.யிலேயே எழுத்து விழுந்துவிடும். மீதி 2 மி.மீ. விரல் வேகம் தணிய இடம். இந்தப் பாதி வழியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன். பழையபடி குத்திக்கொண்டே இருந்தால் எந்த ஸ்விட்ச் போட்டாலும் கை வலிக்கும்.

வகை மூன்றுதான். அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போவது லீனியர். நடுவில் ஒரு மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் டாக்டைல். மேட்டோடு சத்தமும் சேர்ந்தால் கிளிக்கி. செர்ரி வரிசையில் சிவப்பு லீனியர், அழுத்தத் தேவையான பலம் 45 சென்டிநியூட்டன். பழுப்பு டாக்டைல், 55. நீலம் கிளிக்கி, 60. கறுப்பும் 60தான், ஆனால் லீனியர். ஒரு சென்டிநியூட்டன் கிட்டத்தட்ட ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்கு அதே அளவில் ஸ்விட்ச் செய்யத் தொடங்கி, நிறங்களை இஷ்டத்துக்கு வைத்துவிட்டார்கள். கெய்ல் பாக்ஸ் வெள்ளை கிளிக்கி. கேட்டரான் வெள்ளை மிக லேசான லீனியர். இரண்டும் வெள்ளைதான், குணத்தில் எலியும் பூனையும்.

#4 பழையதட்டச்சர்

தம்பி, எல்லாரும் நீலத்தைப் பயமுறுத்துவார்கள். நான் ஒரு வார்த்தை அதற்காகப் பேசுகிறேன்.

நான் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவன். பிறகு அலுவலகத்தில் ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு. 1985இல் வந்த வகை அது. அதில் ஸ்பிரிங் அழுந்தி அழுந்தி ஒரு கட்டத்தில் சட்டென்று வளைந்து சாயும், அந்தச் சாய்வில்தான் எழுத்து பதியும். விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் சேதி வந்துவிடும். அதனால் அடிவரை குத்தும் பழக்கமே எனக்கு வரவில்லை. இன்றும் லீனியரில் உட்கார்ந்தால் படிக்கட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தவன் கதைதான்.

கையை மென்மையாக்கும் ஆசிரியர் கிளிக்கிதான். குழந்தை விஷயத்தில் மட்டும் எனக்குப் பதில் இல்லை. என் பேரன் நான் தட்டச்சு செய்தால்தான் தூங்குவான். எல்லாக் குழந்தையும் அப்படி இருக்காது.

#5 நிரலாளி

பழுப்பு வாங்குங்கள் என்று யாராவது சொல்லுவார்கள். அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்: வேண்டாம். இரண்டு வருடம் வைத்திருந்தேன். மேடு என்று சொல்கிறார்களே, மணல் விழுந்த லீனியர் மாதிரிதான் இருக்கும். டாக்டைல் வேண்டும் என்றால் மேடு நன்றாகத் தெரிகிற ஒன்றை வாங்குங்கள். இல்லையென்றால் லீனியர். நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் ஸ்விட்சைத் தேர்ந்தெடுக்க அலைகிறீர்கள். ஒரே தடவைதான் காசு என்றால் ஸ்விட்ச் முதல் கேள்வியே இல்லை. கழற்றி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் போர்டாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சாலிடர் வைத்துப் பற்றவைத்த போர்டில் ஸ்விட்ச் பிடிக்கவில்லை என்றால் போர்டையே தள்ளிவிட வேண்டும். ஹாட்ஸ்வாப் என்றால் இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம்.

#6 மணல்விரும்பி

பழுப்பில் ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மணல் எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

#7 தூங்காவிழி

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேற்று நண்பர் வீட்டுக்குப் போய் அவருடைய நீல ஸ்விட்ச் கீபோர்டில் அரை மணி நேரம் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொர்க்கம். தமிழில் ஏதோ இடறுகிறது. "பக்கத்து", "விட்டுவிட்டு" போன்ற சொற்களில் ஓர் எழுத்து விழாமல் போகிறது. "பகத்து" என்று வருகிறது. போர்டு கெட்டுவிட்டதோ என்று அவர் பயந்துவிட்டார். எனக்குத்தான் கை சரியில்லையா?

#8 ஸ்பிரிங்பித்தன்

உங்கள் கையும் சரி, அவர் போர்டும் சரி. இது நீலத்தின் பிறவிக்குணம்.

தமிழ்99இல் "க்க" வேண்டுமென்றால் க விசையை இரண்டு தடவை தட்டுகிறோம், புள்ளி தானாக வந்துவிடும். க்க, ட்ட, த்த, ப்ப, ச்ச இல்லாத தமிழ் வாக்கியம் அபூர்வம். ஆகவே ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுவது நமக்கு ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

நீல ஸ்விட்சின் தண்டு இரண்டு துண்டு. வெளியே ஒரு சின்ன வெள்ளைச் சட்டை தனியாக ஆடும். அது சட்டென்று கீழே விழுந்து அடிப்பதுதான் அந்த "டிக்". ஆனால் அந்தச் சட்டை திரும்ப மேலேறி உட்கார வேண்டுமே. அதனால் எழுத்து பதியும் இடமும், விசை மறுபடி தயாராகும் இடமும் ஒன்றல்ல. பின்னது நன்றாக மேலே இருக்கிறது. லீனியரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம். நீலத்தில் நீங்கள் விரலைப் பாதி தூக்கிவிட்டு மறுபடி அழுத்தினால், விசை இன்னும் "விடப்படவில்லை" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது க காணாமல் போகும்.

சோதித்துப் பாருங்கள்: நண்பரின் போர்டில் ஒரு விசையை மிக மெதுவாக அழுத்தி, எழுத்து விழுந்ததும் அதே மெதுவில் தூக்குங்கள். எழுத்து விழுந்த உயரத்தைத் தாண்டி மேலே வந்த பிறகுதான் அது விடுபடும். கெய்ல் பாக்ஸ் வகைக் கிளிக்கிகளில் சட்டைக்குப் பதிலாக ஒரு சின்னக் கம்பி இருக்கும், அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. சத்தம் மட்டும் குறையாது.

#9 பழையதட்டச்சர்

இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவன். தம்பி, நீலத்துக்காக நான் சொன்னதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

#10 மௌனவிரல்

நானும் இரவில் எழுதுகிறவள், ஒட்டுக்கேட்கும் அளவுக்குக் காது கூர்மையான மாமியார் பக்கத்து அறையில். ஆகவே சத்தத்தைப் பற்றி நான் பேசலாம்.

சத்தம் ஸ்விட்சிலிருந்து மட்டும் வருவதில்லை. லீனியரே ஆனாலும் தண்டு அடியில் முட்டும்போது ஒரு தட்டு, மேலே திரும்பி வந்து முட்டும்போது இன்னொரு தட்டு. இதற்கென்றே சைலன்ட் லீனியர் என்று ஒன்று உண்டு. தண்டின் இரு முனையிலும் சின்ன ரப்பர் மெத்தை இருக்கும். செர்ரி சைலன்ட் சிவப்பில் அந்த மெத்தையால் ஆழம் 4இலிருந்து 3.7 மி.மீ. ஆகிவிடுகிறது. கீழே போய் நிற்கும் உணர்வு கொஞ்சம் சொதசொதவென்று இருக்கும், முதல் இரண்டு நாள் பிடிக்காது.

ஆனால் குழந்தையை எழுப்பப்போவது எழுத்து விசைகள் அல்ல. ஸ்பேஸ்பார். மலிவு போர்டுகளில் ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகள் "கிலுங் கிலுங்" என்று கிலுகிலுப்பை ஆட்டுவது போல ஒலிக்கும். அவற்றின் இரு பக்கமும் ஸ்டெபிலைசர் என்று ஒரு கம்பி போகிறது. அது பிளாஸ்டிக் குழியில் தளர்வாக ஆடுவதால் வரும் ஒலி. ஸ்விட்ச் மாற்றினால் இது போகாது. கம்பி முனை குழிக்குள் நுழையும் இடத்தில் துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் போய்விடும். ஊசியில்லாத சிரிஞ்சோ பல்குச்சியோ போதும்.

தயவுசெய்து கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றாதீர்கள். முதல் போர்டில் நான் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் அமைதி. பிறகு அது மெல்ல வழிந்து பக்கத்து விசைகளுக்குள் இறங்கி, தூசியோடு சேர்ந்து பிசினாகி, ஆல்ட் விசை அழுத்தினால் மேலே வர யோசிக்க ஆரம்பித்தது.

அப்புறம், கீபோர்டுக்குக் கீழே ஒரு தடித்த துணியை நான்காக மடித்துப் போடுங்கள். மேஜைப் பலகை மத்தளமாக மாறாமல் இருக்கும். இது செலவில்லாத வைத்தியம், இதை முதலில் செய்யுங்கள்.

#11 தூங்காவிழி

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் சைலன்ட் லீனியர் போட்ட போர்டாகவே தேட வேண்டுமா? என் காசுக்கு அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் நீலம், சிவப்பு, பழுப்பு என்றே வருகிறது.

#12 மௌனவிரல்

தேட வேண்டாம். நிரலாளி சொன்ன வழிதான். மலிவான ஹாட்ஸ்வாப் போர்டு ஒன்றைச் சாதாரண சிவப்போடு வாங்குங்கள். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சத்தம் உறுத்தினால் அப்போது சைலன்ட் ஸ்விட்ச் மட்டும் தனியாக வாங்கலாம், அதுவும் எழுத்து விசைகளுக்கு மட்டும். எஃப்1, எஃப்2 எல்லாம் நாளைக்கு எத்தனை தடவை தட்டுவீர்கள்?

#13 நிரலாளி

வாங்குமுன் கவனிக்க வேண்டிய கண்ணிவெடிகளைச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் மூன்றில் நானே கால் வைத்திருக்கிறேன்.

"மெக்கானிக்கல் ஃபீல்" என்று போட்டிருந்தால் அது ரப்பர்தான். ஒரு கீகேப்பை (விசையின் மேல்மூடியை)ப் பிடுங்கிய படம் இருக்கிறதா பாருங்கள். கூட்டல் குறி வடிவத் தண்டும், தனிப் பெட்டியாக ஸ்விட்சும் தெரிய வேண்டும். (அந்தத் தண்டு வடிவத்தை மட்டும் காப்பியடித்து அடியில் ரப்பர் வைக்கும் கில்லாடிகளும் உண்டு. ஆகவே ஸ்விட்ச் பெட்டியையும் பாருங்கள்.)

"ஆப்டிகல் ஹாட்ஸ்வாப்" (உலோகத் தொடுப்புக்குப் பதில் ஒளியால் வேலை செய்வது) என்றால் அதில் அந்த ஆப்டிகல் ஸ்விட்ச் மட்டுமே ஏறும். எம்எக்ஸ் வகை ஏறாது. காந்த ஸ்விட்ச் போர்டுகளுக்கும் பெரும்பாலும் இதே கதை. அவை விளையாட்டுக்காரர்களுக்கு நல்லது, உங்களுக்குத் தேவையில்லை.

ஹாட்ஸ்வாப் என்று எழுதியிருந்தும் சில மலிவு போர்டுகளின் துளை குறுகலாக இருக்கும். மெல்லிய கால் உள்ள ஒரு சில ஸ்விட்ச்தான் நுழையும். "எம்எக்ஸ் 3 பின், 5 பின் இரண்டும் ஏறும்" என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். 3 பின் மட்டும் என்றாலும் மோசமில்லை. 5 பின்னில் கூடுதலாக இருப்பவை இரண்டு பிளாஸ்டிக் கால்கள்தான், நகவெட்டியால் நறுக்கிவிடலாம்.

விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு பிபிடி என்ற பிளாஸ்டிக்கால் ஆன கீகேப்புக்குப் போகட்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப் உங்கள் மாதிரி எழுதுகிறவர் கையில் சில மாதத்திலேயே எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்க ஆரம்பிக்கும். வயர்லெஸ்ஸும் வேண்டாம், மேஜையை விட்டு நகராத கீபோர்டுக்கு வயர் என்ன பாவம் செய்தது?

எண் பலகை தேவையில்லை என்றால் 87 விசைப் போர்டு. மவுஸ் உடம்புக்கு அருகே வரும், தோளுக்கு நல்லது. 60 சதவீத அளவுள்ள சின்னப் போர்டில் அம்புக்குறி விசைகளே இருக்காது. மொழிபெயர்ப்பாளருக்கு அது தண்டனை.

#14 ஸ்பிரிங்பித்தன்

ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நேராகச் சிவப்பு வாங்கச் சொல்கிறீர்கள். ஐந்து வருடம் ரப்பரைக் குத்திய கைக்கு 45 கொஞ்சம் லேசு. விரலை விசைமேல் சும்மா வைத்தாலே எழுத்து விழும். பதிவுப் புள்ளி 1.2 மி.மீ.யில் இருக்கும் ஸ்பீட் வகை என்றால் கேட்கவே வேண்டாம், மூச்சு விட்டால் எழுத்து விழும்.

தூங்காவிழி, உங்கள் கை எவ்வளவு எடை தாங்கும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். எடை தெரிந்த நாணயங்களை எடுத்து, நண்பரின் போர்டில் ஒரு விசைமேல் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எழுத்து விழும்போது நிறுத்திக் கூட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் பழைய ரப்பரில் அதையே செய்யுங்கள்.

#15 தூங்காவிழி

செய்தேன்! நண்பரின் நீலம் கிட்டத்தட்ட 60 கிராமில் விழுந்தது. என் ரப்பரில் 'க' 70ஐத் தாண்டிய பிறகு விழுந்தது. 'ன' விசையில் வீட்டிலிருந்த நாணயம் எல்லாம் ஏறி கோபுரமே சரிந்துவிட்டது, எழுத்து விழவில்லை. வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

#16 ஸ்பிரிங்பித்தன்

70இலிருந்து 45க்கு ஒரே தாவலில் இறங்கினால் முதல் வாரம் பிழையாகக் கொட்டும். 50ஐ ஒட்டிய லீனியர் கிடைத்தால் எடுங்கள். கேட்டரான் மஞ்சள் அந்த வகை, மலிவும்கூட. கிடைக்காவிட்டால் சிவப்பே சரி, கை பழகிவிடும்.

#17 பழையதட்டச்சர்

கீபோர்டின் பின்கால்களை மடக்கியே வையுங்கள் தம்பி. தூக்கி வைத்தால் மணிக்கட்டு பின்னால் வளையும். மெக்கானிக்கல் முன்பக்கமே உயரம். வலி மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; ஸ்பிரிங் மருந்தல்ல.

#18 தூங்காவிழி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 87 விசை, ஹாட்ஸ்வாப், மஞ்சள் லீனியர், வயர். கீகேப் பிபிடி.

முதல் நாலு நாள் அழுகைதான். "வந்தான்" என்பது "வந்ந்தாஆன்" ஆனது. ஐந்தாம் நாள் கை அடங்கியது. இப்போது "பக்கத்து" ஒழுங்காக விழுகிறது.

மௌனவிரல் அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. எழுத்து விசைகள் "தொப் தொப்" என்று மழைத்துளி மாதிரி இருந்தன, ஸ்பேஸ்பார் மட்டும் தகர டப்பா. மகள் இரண்டாம் இரவே எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கிரீஸ் வாங்கி, கீகேப்பைக் கழற்றி, பல்குச்சியால் இரண்டு முனையிலும் வைத்தேன். கீழே துணியும் போட்டேன். தகரம் போய்விட்டது.

ஆனால் புதிதாக ஒரு பிரச்சினை. 'ட' சில நேரம் தானாகவே இரட்டிக்கிறது. "எடு" என்று எழுதினால் "எட்டு" வருகிறது. "பாடு" என்றால் "பாட்டு". இரண்டும் சரியான சொல் என்பதால் பிழைதிருத்தியும் பிடிப்பதில்லை. நேற்று வாடிக்கையாளர் கோப்பில் "பெட்டியை எட்டு" என்று போயிருக்கிறது.

#19 கடைசிபெஞ்ச்

பெட்டியை எட்டு... உயரமான அலமாரி போல.

#20 நிரலாளி

சிரிக்காதீர்கள், எனக்கு இது நடந்திருக்கிறது. இதற்குச் சாட்டர் என்று பெயர். ஸ்விட்சுக்குள் இருக்கும் உலோக இதழ்கள் தொடும்போது ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலை கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் சில மில்லிசெகண்ட் பொறுத்துக் கண்டுகொள்ளாமல் விடும். இதழில் தூசியோ குறையோ இருந்தால் துள்ளல் அதற்கும் மேல் நீளும், ஒரு தட்டு இரண்டாகப் பதியும்.

ஹாட்ஸ்வாப் வாங்கியதன் பலன் இப்போதுதான். ஸ்க்ரோல் லாக் விசையைத் தொட்டிருக்கிறீர்களா? யாரும் தொடுவதில்லை. அந்த ஸ்விட்சைப் பிடுங்கி 'ட'வில் போடுங்கள், 'ட'வில் இருந்ததை அங்கே அனுப்புங்கள்.

பிடுங்கும்போது மேலும் கீழுமாக இரண்டு கொக்கியையும் அழுத்தி நேராக இழுக்க வேண்டும். செருகும்போதுதான் பலரும் கெடுப்பது: கால் இரண்டும் வெள்ளிக்கம்பி மாதிரி மெல்லியவை, கோணலாக அழுத்தினால் ஒன்று மடிந்து ஸ்விட்சுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், எழுத்து மட்டும் விழாது. செருகுமுன் கால்களைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மடிந்தால் பயப்படாமல் இடுக்கியால் நிமிர்த்துங்கள், ஒரு தடவை தாங்கும். பலம் போட்டு அமுக்காதீர்கள், அடியிலிருக்கும் சாக்கெட் பெயர்ந்துவிட்டால் பிறகு சாலிடர்தான்.

#21 தூங்காவிழி

மாற்றிவிட்டேன். ஒரு கால் மடிந்தது, நிமிர்த்தினேன். 'ட' இப்போது ஒன்று என்றால் ஒன்று. வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதமும் போய்விட்டது. அதில் "எடு" சரியாக விழுந்ததா என்று மூன்று முறை பார்த்தேன்.

சைலன்ட் ஸ்விட்ச் இப்போதைக்கு வேண்டாம். துணியும் கிரீஸும் போதுமானதாக இருக்கிறது.

ஸ்க்ரோல் லாக்கில் போட்ட அந்தக் கெட்ட ஸ்விட்சைப் பார்த்ததும் நண்பர் தன்னிடம் உபரியாக இருந்த ஒரு நீலத்தைக் கொடுத்தார். அதை அங்கே செருகிவிட்டேன். இரவு ஒரு கோப்பை முடித்து அனுப்பியதும் அதை ஒரே ஒரு தடவை அழுத்துகிறேன். டிக். பழைய தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்தால் மணி அடிக்குமே, அது மாதிரி. மகள் இதுவரை எழவில்லை.